சிறு படகில் கையடக்க விஎச்எஃப் கருவி: 16ஆம் சேனலில் கேட்கிறது, வேறு சேனலுக்கு மாறினால் அமைதி

நெய்தல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எஞ்சின் பொருத்திய, மேல்தளம் இல்லாத ஆறு மீட்டர் படகு ஒன்றை வைத்திருக்கிறேன். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்கு அப்பால் போவதில்லை. படகில் நிலையான வயர்லெஸ் பொருத்த வசதியான இடம் இல்லாததால், 5 வாட் திறன் கொண்ட, தண்ணீரில் மிதக்கக்கூடிய கையடக்க கடல் வானொலி (விஎச்எஃப் கருவி) ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதைப் பயன்படுத்தும்போது எனக்கு விளங்காத சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, தூரம். வெகு தொலைவில் உள்ள துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தின் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் ஏறத்தாழ நான்கு கடல் மைல் தொலைவில், என்னுடையதைப் போன்ற கருவியை வைத்துக்கொண்டிருக்கும் நண்பரின் படகிலிருந்து வரும் பேச்சு அறுந்து அறுந்து வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. அருகில் இருப்பவர் கேட்காமல் தொலைவில் இருப்பவர் கேட்பது எப்படி?

இரண்டாவது, அழைப்புக்கும் அவசரத்துக்கும் உரிய 16ஆம் சேனலில் துறைமுகத்தை அழைத்தால் பதில் கிடைக்கிறது. அவர்கள் “22க்கு மாறுங்கள்” என்று சொன்னதும் நானும் மாறுகிறேன். அதன் பிறகு எத்தனை முறை அழைத்தாலும் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. கருவியில் பழுது இருக்கிறதா?

மூன்றாவது, பக்கவாட்டில் சிறு மூடிக்குள் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அவசரத்தில் அதை அழுத்தினால் மட்டும் போதுமா?

சுக்கான் எழுதியது:

நண்பரே, உங்கள் கருவி பழுதாகவில்லை என்றே நினைக்கிறேன். முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் காரணங்கள் வேறு வேறு என்பதால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

கடல் விஎச்எஃப் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைப் பயன்படுத்துகிறது. இந்த அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேராகச் செல்பவை; பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் வளைந்து போகமாட்டா. ஆகவே ஒரு கருவி எவ்வளவு தூரம் எட்டும் என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் வாட் அளவு அன்று, அதன் ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்கினால், அந்த ஆன்டெனாவின் வானொலித் தொடுவானம் கடல் மைலில் கிடைக்கும். இரு முனைகளின் எண்களையும் கூட்டினால் வருவதே அவர்களுக்கிடையே கிடைக்கக்கூடிய உச்ச தூரம்.

இதை உங்கள் நிலைமைக்குப் பொருத்திப் பாருங்கள். படகில் உட்கார்ந்து பேசும்போது ஆன்டெனா ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும், ஆகவே உங்கள் தொடுவானம் 2.2 கடல் மைல். நண்பரும் அப்படியே உட்கார்ந்திருந்தால் அவருக்கும் 2.2. இரண்டும் சேர்ந்து 4.4. நான்கு கடல் மைல் தூரத்தில் நீங்கள் இருவரும் எல்லையின் விளிம்பில் நிற்கிறீர்கள். அலையடித்துப் படகு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பேச்சு அறுபடுவது இயல்பே. துறைமுக நிலையத்தின் ஆன்டெனா 60 மீட்டர் கோபுரத்தில் இருந்தால், அதன் பங்கு மட்டும் 17 கடல் மைலுக்கு வந்துவிடும். அதனால்தான் அது தெளிவாக வருகிறது. நீங்கள் எழுந்து நின்று கருவியைத் தலைக்குச் சற்று மேலே பிடித்தால் உயரம் இரண்டு மீட்டருக்கு மேல் ஆகி, உங்கள் பங்கு மூன்று கடல் மைலைத் தாண்டும். காசு செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது ஒன்றுதான். ஆனால் ஆடும் படகில் எழுந்து நிற்பது பாதுகாப்பாக இருக்கும்போது மட்டுமே அப்படிச் செய்யுங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு பக்கமும் உண்டு. கரை நிலையம் உங்களைவிடப் பல மடங்கு திறனில் ஒலிபரப்புகிறது. எனவே அவர்கள் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறார்கள் என்பதை வைத்து, உங்கள் 5 வாட் குரலும் அவர்களுக்கு அப்படியே கேட்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. நீங்கள் வழக்கமாகச் செல்லும் கடல் பகுதியின் கடைசி எல்லையிலிருந்து பேசிப் பார்த்து, “என் குரல் எப்படிக் கேட்கிறது” என்று அவர்களிடமே கேட்டு அறிந்துகொள்வதே நம்பத்தக்க வழி.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கருவியின் திரையில், சேனல் எண்ணுக்கு அருகில் எங்காவது “யுஎஸ்ஏ” என்றோ “இன்ட்” என்றோ சிறிய எழுத்துகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் பன்னாட்டுத் தொகுதி, அமெரிக்கத் தொகுதி, கனடாத் தொகுதி என மூன்று சேனல் தொகுதிகள் இருக்கும். 16ஆம் சேனல் எல்லாத் தொகுதிகளிலும் 156.8 மெகாஹெர்ட்ஸ்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் 22ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பன்னாட்டு ஒழுங்கில் அது இரட்டை அலைவரிசைச் சேனல்: படகு 157.1இல் பேசும், கரை 161.7இல் பேசும். அமெரிக்க ஒழுங்கில் 22ஏ என்று வழங்கும் சேனலில் இரு தரப்பும் 157.1இலேயே பேசுவார்கள். உங்கள் கடலில் பன்னாட்டு ஒழுங்கு வழக்கத்தில் இருக்க, உங்கள் கருவி அமெரிக்கத் தொகுதியில் இருந்தால், நீங்கள் பேசியது துறைமுகத்துக்குக் கேட்டிருக்கும். அவர்கள் சொன்ன பதில் மட்டும் உங்களை எட்டியிருக்காது. நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது.

அலைவரிசை எழுதியது:

சுக்கான் ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். இரட்டை அலைவரிசைச் சேனலில் இரண்டு படகுகள் ஒன்றோடொன்று பேசவே முடியாது, ஏனெனில் இரண்டும் ஒரே அலைவரிசையில் பேசிவிட்டு வேறொன்றில் காது கொடுத்துக்கொண்டிருக்கும். நண்பரின் படகுடன் பேசுவதற்கு 72, 77 போன்ற, படகுகளுக்கிடையே ஒதுக்கப்பட்ட ஒற்றை அலைவரிசைச் சேனல்களைப் பயன்படுத்துங்கள். 16இல் அழைத்துப் பதில் பெற்றதும் அவற்றுக்கு மாறிவிட வேண்டும். உரையாடலை 16இலேயே நடத்துவது, ஆபத்தில் இருக்கும் ஒருவரின் வாயை அடைப்பதற்குச் சமம். மிகையாகச் சொல்லவில்லை: கடல் விஎச்எஃப் குரலை அலையில் ஏற்றும் முறையில் வலுவான சமிக்ஞை வலுவற்றதை முழுவதுமாக மறைத்துவிடும். அருகிலிருந்து நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, தொலைவில் ஒருவர் உதவி கேட்டு அழைத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் குரல் மட்டுமே கேட்கும், அவர் அழைத்த தடயமே இருக்காது.

இதே காரணத்தால் பேசும் பொத்தானையும் கவனிக்க வேண்டும். பைக்குள்ளோ இருக்கைக்கு அடியிலோ கருவி நசுங்கிப் பொத்தான் அழுந்தியபடியே கிடந்தால், அந்தப் பகுதி முழுவதற்கும் சேனல் முடங்கிவிடும். சில கருவிகள் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தாமாகவே ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ளும், எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

ஸ்குவெல்ச் எனப்படும், இரைச்சலை அடக்கும் திருகு பற்றியும் யாரேனும் சொல்ல வேண்டும். இரைச்சல் பிடிக்காமல் பலர் அதை உச்சத்துக்குத் திருகி வைத்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்தால் வலுவற்ற சமிக்ஞைகளும் இரைச்சலோடு சேர்ந்து வடிகட்டப்பட்டுவிடும். “சில நேரம் வருவதே இல்லை” என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கருவியிலும் இது நடந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இரைச்சல் கேட்கும் வரை முதலில் திறந்துவிட்டு, அது அடங்கும் புள்ளியைத் தாண்டியதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பேசும் முறையைப் பொறுத்தவரை, ஆன்டெனா செங்குத்தாக நிற்க வேண்டும். படகுகளின் ஆன்டெனாக்கள் அனைத்தும் செங்குத்து முனைவாக்கம் கொண்டவை, அதாவது செங்குத்தாக அதிரும் அலைகளுக்கானவை; உங்களுடையது சாய்ந்தால் சமிக்ஞை வலுவிழக்கும். உங்கள் உடலும் அலையைத் தடுக்கும் என்பதால், அழைக்கப்படும் நிலையத்துக்கும் கருவிக்கும் நடுவே நீங்கள் நிற்காதீர்கள். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்கினால் முதல் சொல் வெட்டுப்படாது. மைக்கை வாயிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி, இயல்பான குரலில் பேசுங்கள். கத்தினால் குரல் சிதையும். முடித்துப் பதிலை எதிர்பார்க்கும்போது “ஓவர்”, உரையாடலே முடிந்துவிட்டால் “அவுட்”. இரண்டையும் சேர்த்துச் சொல்வது திரைப்படங்களில் மட்டும்தான்.

பாய்மரம் எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் அடிப்படையான ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கையடக்கக் கருவியையே படகின் முதன்மைக் கருவியாக நம்பிக் கடலுக்குச் செல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நிலையான கருவியின் திறன் 25 வாட். அதைவிட முக்கியமாக, அதன் ஆன்டெனாவைக் கம்பத்தின் மேல் உயர்த்த முடியும். ஆறு மீட்டர் படகிலும் 12 வோல்ட் மின்கலம் இருக்கும்; எஞ்சின் இயங்கும் வரை அது மின்னூட்டம் பெற்றுக்கொண்டிருக்கும். தண்ணீர் தெறித்தாலும் கெடாத நிலையான கருவிகள் இருக்கும்போது, “இடமில்லை” என்பது பெரும்பாலும் பொருத்தச் சோம்பலுக்கு மறுபெயர்.

கையடக்கக் கருவிக்கு உரிய இடம் வேறு. மின்சாரம் போன பிறகும், படகு கவிழ்ந்த பிறகும், உடலோடு இருக்கக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் அதற்கு அது உயிர்காப்பு அங்கியில் கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் கருவி கவிழ்ந்த படகோடு பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். மிதக்கும் கருவி என்பதாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அலையில் கைநழுவிய கருவி மிதந்துகொண்டே உங்களைவிட வேகமாக விலகிச் செல்லும்.

தண்ணீரில் இருந்துகொண்டு பேசும்போது உயரக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. கருவியை உயர்த்திப் பிடித்தாலும் கால் மீட்டர், அரை மீட்டர்தான். அப்போது படகுகளில் அருகிலுள்ளவை மட்டுமே உங்கள் குரலைப் பிடிக்கும் வாய்ப்பு உண்டு. இதற்கு ஒரு விதிவிலக்கு, தேடி வரும் விமானம் அல்லது ஹெலிகாப்டர். 300 மீட்டர் உயரத்தில் பறப்பதன் தொடுவானம் 38 கடல் மைல் என்பதால், அது கண்ணுக்குப் புலப்படும் முன்பே உங்கள் குரல் அதை எட்டிவிடக்கூடும்.

சுக்கான் எழுதியது:

பாய்மரம் அவர்களின் கருத்தை மறுக்கவில்லை. முதன்மைக் கருவி நிலையானதாக இருப்பதே மேல். ஆனாலும் ஐந்து மைலுக்குள், பகலில், கரை நிலையம் கேட்கும் எல்லைக்குள் செல்பவருக்கு, முறையாகப் பயன்படுத்தப்படும் கையடக்கக் கருவி கைப்பேசியைவிடப் பல மடங்கு பயனுள்ளது. கைப்பேசி ஒரே ஒருவரை மட்டும் அழைக்கும்; விஎச்எஃப் அழைப்பை எல்லைக்குள் இருக்கும் எல்லாப் படகுகளும் கேட்கும், அவற்றுள் மிக அருகில் இருப்பதே உங்களை முதலில் அடையும். தொலைவு கூடினால் வாட்டைக் கூட்டுவதைவிட, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள்வழி இயங்கும் தனிநபர் அவசரக் குறிகாட்டி ஒன்றைச் சேர்த்துக்கொள்வது பயனுடையது.

சிவப்புப் பொத்தான் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அது டிஎஸ்சி எனப்படும் எண்முறைத் தேர்வழைப்புக்கானது. மூடியைத் திறந்து பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், உங்கள் அடையாள எண்ணும், உள்ளமைந்த ஜிபிஎஸ் தரும் இருப்பிடமும், நேரமும் 70ஆம் சேனலில் அவசர அறிவிப்பாகச் செல்லும். யாரேனும் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பும் வரை ஏறத்தாழ நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானாகத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகும். 70ஆம் சேனலில் குரலில் பேசக் கூடாது, கருவியே அதற்கு இடம் கொடுக்காது. ஆனால் எம்எம்எஸ்ஐ எனும் அந்த ஒன்பது இலக்க அடையாள எண் பதிக்கப்படாத கருவியில் அந்தப் பொத்தான் வெறும் அலங்காரம். அந்த எண்ணை உங்கள் நாட்டின் உரிம அமைப்பிடம் விண்ணப்பித்துப் பெற வேண்டும், கற்பனை எண்ணைப் பதித்துவிடாதீர்கள். பல கருவிகளில் ஒருமுறை பதித்ததைப் பயனரால் மாற்ற முடியாது. கருவிக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் உரிமம் தேவையா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிவதில்லை. சுமார் 15 நொடி பொறுத்து, பதில் வந்தாலும் வராவிட்டாலும் 16இல் முழுத் திறனில் குரலால் அழைக்க வேண்டும். “மேடே” மூன்று முறை. “திஸ் இஸ்” என்று சொல்லிப் படகின் பெயர் மூன்று முறை. பிறகு மீண்டும் “மேடே”, படகின் பெயர் ஒருமுறை, இருப்பிடம், என்ன ஆபத்து, என்ன உதவி தேவை, படகில் எத்தனை பேர், “ஓவர்”. இருப்பிடத்தை முன்னால் சொல்வதற்குக் காரணம் உண்டு: நடுவில் மின்கலம் தீர்ந்தாலும் கருவி நனைந்து ஓய்ந்தாலும், எங்கே வர வேண்டும் என்பதாவது போய்ச் சேர்ந்திருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் அவசரம் என்றால் (எஞ்சின் நின்று காற்றில் அடித்துச் செல்லப்படுகிறது என்பது போல) “மேடே” அன்று, “பான்-பான்”. தவறிப் பொத்தானை அழுத்திவிட்டால் கருவியை அணைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அறிவிப்பை ரத்து செய்து, 16இல் அனைத்து நிலையங்களுக்கும் அது தவறுதலாகச் சென்றது என்று தெரிவிக்க வேண்டும். இல்லையேல் உங்களைத் தேடி யாரோ புறப்பட்டுவிடுவார்கள்.

நெய்தல்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சுக்கான் ஐயா சொன்னபடியே திரையின் மூலையில் “யுஎஸ்ஏ” என்று இருந்தது. பட்டியலில் பன்னாட்டுத் தொகுதிக்கு மாற்றியதும் 22இல் துறைமுகத்தின் குரல் கேட்கிறது. ஸ்குவெல்ச்சையும் குறைத்துவிட்டேன். எம்எம்எஸ்ஐ எண்ணுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன்.

மின்கலம் பற்றி ஓர் ஐயம். கையேட்டில் ஒருமுறை மின்னூட்டினால் பல மணி நேரம் இயங்கும் என்று போட்டிருக்கிறது. நடைமுறையில் அவ்வளவு வருமா? உப்பு நீர் பட்ட கருவியை அப்படியே மின்னூட்டியில் வைக்கலாமா?

அலைவரிசை எழுதியது:

கையேட்டில் உள்ள எண், பொதுவாக நேரத்தில் 5 விழுக்காடு பேசுவது, 5 விழுக்காடு கேட்பது, மீதி 90 விழுக்காடு சும்மா காத்திருப்பது என்ற கணக்கில் எடுக்கப்படுவது. நெருக்கடியில் யாரும் அந்தக் கணக்குப்படி பேசமாட்டார்கள். 5 வாட்டில் தொடர்ந்து பேசினால் மின்கலம் மிக விரைவில் இறங்கிவிடும். அருகிலுள்ள படகோடு பேசும்போது 1 வாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மின்கலமும் மிஞ்சும், தொலைவில் உள்ளவர்களுக்கு இடையூறும் குறையும். 15, 17 ஆகிய சேனல்களில் பன்னாட்டு விதியே 1 வாட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதால், அங்கே கருவி திறனைத் தானாகக் குறைத்தால் திகைக்க வேண்டாம். உங்கள் கருவிக்குச் சாதாரண ஏஏ மின்கலங்களைப் போடும் மாற்றுப் பெட்டி கிடைக்குமானால், அதை வாங்கி, மின்கலங்களோடு ஈரம் புகாத பையில் வைத்திருங்கள். நடுக்கடலில் மின்னூட்ட முடியாதபோது அதுவே கைகொடுக்கும், ஆனால் சில கருவிகள் அதில் குறைந்த திறனில் மட்டுமே பேச விடும்.

உப்பு நீரோடு மின்னூட்டியில் வைக்கவே கூடாது. நல்ல நீரில் கழுவி, துடைத்து, மின்முனைகள் நன்றாக உலர்ந்த பிறகே வைக்க வேண்டும். ஈரத்தோடு மின்னோட்டம் பாய்ந்தால் முனைகள் அரித்துப் போகும். ஐபிஎக்ஸ்7 என்ற தரம், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது, அதுவும் மூடிகளும் ரப்பர் வளையங்களும் பழுதின்றி இறுகியிருந்தால்தான். மைக் துளையில் நீர் தங்கினால் குரல் அமுங்கிக் கேட்கும், உதறிவிட்டுப் பேசுங்கள்.

பாய்மரம் எழுதியது:

சோதனை அழைப்பு பற்றி ஒரு சொல். ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் கருவியைச் சோதிப்பது நல்லதுதான், ஆனால் அதை 16இல் செய்யாதீர்கள். சில நாடுகளின் கடலோரக் காவல் அமைப்புகள் இதைத் தவிர்க்கும்படி வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கின்றன. துறைமுகத்தின் பணிச் சேனலிலோ நண்பருடன் 72இலோ கேட்டுக்கொள்ளலாம். இரட்டைக் கண்காணிப்பு வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள்; 72இல் நண்பரோடு தொடர்பில் இருக்கும்போதும் பேச்சின் இடைவெளிகளில் கருவி 16ஐயும் எட்டிப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. கருவியின் ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது. ஓட்டுபவருக்கு எதிரே, கைக்கெட்டும் தூரம் என்று அதைத் திசைகாட்டியின் பக்கத்தில் நிறுத்தி வைப்பவர்கள் நிறையப் பேர். முள் விலகி, போக்கு மாறிப் போயிருப்பது கரை தெரியாத மூடுபனியில்தான் தெரியவரும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், அல்லது முன்பு சொன்னபடி உயிர்காப்பு அங்கியிலேயே மாட்டிக்கொண்டு திசைகாட்டியை நோக்கிக் குனியாமல் இருங்கள்.